ஆட்டக்காரர் பிரதிநிதி கமர் ஜஹான்

அம்மீக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. ‘ஏகமனதாக.’ அவருடைய இரங்கல் கூட்டத்தில் அதை இரண்டு முறை சொன்னார்கள். முதல் முறை இரங்கல் தீர்மானத்துக்கு. அதில் எனக்குப் புகார் இல்லை. இரண்டாவது முறை என்னைப் பற்றி. இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

அம்மீ என் அம்மா. பெயர் கமர் ஜஹான். மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தார். கல்யாணமாகி இரண்டு சந்து தள்ளிப் போனார். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில், வாங்கிய துணியை மாற்றித் தரும் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அந்தக் கவுண்டருக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. கட்டிக் கசங்கிய புடவையைப் பிரிக்கவே இல்லை என்பார்கள். முதலாளிக்கு வேண்டியவர்கள் என்பார்கள். அம்மீ எல்லோரிடமும் ஒன்றையே கேட்பார்: “பில் இருக்கா?” இருந்தால் மாற்றித் தருவார். இல்லாவிட்டால் முதலாளியின் மைத்துனிக்கும் கிடையாது. கடைசிவரை அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

கேரம் அவருக்கு அண்ணன்களிடமிருந்து வந்தது. ரம்ஜான் மாதத்துப் பகல்களில் பசியை மறக்க வீட்டில் போர்டை எடுத்துப் போடுவார்கள். நாலாவது ஆள் கிடைக்காத நாளில் தங்கையைச் சேர்த்துக்கொண்டார்கள். தங்கை இருக்கும் பக்கமே ஜெயிக்கத் தொடங்கியதும் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை அவர் ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. தொட்ட பிறகு விடவில்லை.

மயிலை வட்டாரக் கேரம் சங்கத்தில் அவர் பெண்கள் பிரிவில் ஆடினார். மாபெரும் ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். எதிராளிக்கு வழி விடாமல் அடைத்து அடைத்து ஆடுவார். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வரும், எதிரே இருப்பவருக்குக் கோபம் வரும், கோபத்தில் தப்பு வரும். அப்படித்தான் ஜெயித்தார்.

சங்கத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். கிளப்புகள் சேர்ந்தது சங்கம். ஓட்டு கிளப் செயலாளர்களுக்குத்தான். ஆடுகிறவர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களுக்காக நிர்வாகக் குழுவில் ஒரே ஒரு நாற்காலி உண்டு, ஆட்டக்காரர் பிரதிநிதி என்று. அதில் யார் உட்காரலாம் என்பதையும் குழுவேதான் சொல்லும். அம்மீ சேர்ந்த சமயம் அந்த நாற்காலியில் இருந்தவர், சங்கத்துக்குக் கேரம் போர்டு விற்பவர்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். போர்டு கோணலாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் புகார் சொன்னால், அந்தப் புகாரைக் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டியவர் போர்டை விற்றவர். அவர் கொண்டுபோய் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க மூளை தேவையில்லை. மாநிலப் போட்டிக்கு அணி தேர்வு நடக்கும் தேதியைக் கிளப் செயலாளர்களுக்கு மட்டும் சொல்வார்கள். ஃபிசா என்று ராயப்பேட்டைப் பெண், அம்மீக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் நன்றாக ஆடியவள். அவளுடைய கிளப் செயலாளர் மறந்துவிட்டார். தேர்வு முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பிரதிநிதியிடம் போய்க் கேட்டதற்கு, “எங்கிட்ட யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலியே” என்றாராம். அவள் அப்போது பண்ணிக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று அம்மீ வீட்டில் வந்து எங்களைக் கேட்டார். நாங்கள் என்ன செய்ய.

அம்மீ கேட்டது இரண்டே விஷயம். பிரதிநிதியை ஆட்டக்காரர்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிற்கிறவர் சங்கத்திடம் எதையும் விற்றோ படி வாங்கியோ பிழைப்பவராகவோ, குழு உறுப்பினரின் உறவினராகவோ இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்காக ஒன்பது வருடம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். என் பட்டமளிப்பு நாளும் ஒரு பொதுக்கூட்ட நாளும் ஒன்றாக வந்தன. அப்பாவும் நானும் படம் எடுத்துக்கொண்டோம். அம்மீ மூன்றாம் தீர்மானம் முடிந்து வந்து சேர்ந்தார்.

சங்கச் செயலாளர் சுவாமிநாதன் மாமா ஓய்வு பெற்ற ஆடிட்டர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். மாட வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் சங்கம் நடக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாள்களில் கீழ்க் கூடத்தில் போட்டி, மாடியில் கூட்டம். சாவி வாங்கி வந்து திறப்பதும், கடைசி ஆள் போன பிறகு ஃபேனை நிறுத்துவதும் மாமாதான். ஒவ்வொரு தீர்மானத்தையும் படித்துவிட்டு, யாராவது எழுந்திருப்பதற்குள், “ஏகமனதாக நிறைவேறியது” என்று எழுதிவிடுவார். அம்மீ கடைசி வரிசையில் கை தூக்குவார்.

“ஏகமனது இல்ல சார். ஒரு மனசு இங்க உக்காந்திருக்கு.”

“உங்களுக்கு ஓட்டே கிடையாதேம்மா.”

“ஓட்டு இல்லேன்னா மனசும் இல்லியா?”

“சரி. ஒருத்தரைத் தவிரன்னு போட்டுக்கறேன்.”

“ஓட்டு இல்லாத ஒருத்தரைத் தவிரன்னு போடுங்க.”

வருடா வருடம் இதே உரையாடல். மற்றவர்கள் அதற்குள் போண்டா சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒன்பதாவது வருடம் மாநில அளவிலான போட்டி ஒன்று எங்கள் மண்டபத்தில் நடந்தது. வெளியூர் நடுவர் ஒருவர் ஆட்டத்துக்கு முன் போர்டைச் சரிபார்க்க ஸ்ட்ரைக்கரைச் செங்குத்தாக நிறுத்தினார். அது தானாக உருண்டு போய் மூலைக் குழியில் விழுந்தது. இன்னொரு போர்டு. அதிலும் விழுந்தது. அவர் மேடையைப் பார்த்து, இந்த ஊர் ஆட்டக்காரர்களின் பிரதிநிதி யார் என்று கேட்டார். போர்டு விற்றவர் எழுந்து கும்பிட்டார். “போர்டெல்லாம் ஃபர்ஸ்ட் க்ளாஸ் சார், நான் கேரண்டி.” வெளியூர்க்காரர்கள் சிரித்த சிரிப்பில் சுவாமிநாதன் மாமாவின் முகம் செத்துவிட்டது. அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் அம்மீயின் இரண்டு விதிகளும் நிறைவேறின. கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதால் இல்லை. வெளியூர்க்காரன் சிரித்துவிட்டான் என்பதால்.

ஆட்டக்காரர்கள் அம்மீயையே தேர்ந்தெடுத்தார்கள், அடுத்த தேர்தலிலும் அவரையே. பெரிய வித்தியாசத்தில் இல்லை. தேர்வுத் தேதி இனி எல்லோருக்கும் வாட்ஸாப்பில் வந்தது. புதுப் போர்டுகள் வேறு கடையிலிருந்து வந்தன. ஃபிசா மாநில அணிக்குப் போனாள். பெசன்ட் நகரில் ஜிம் நடத்தும் அச்யுத் என்றொருவன், வட்டாரத்தில் சிறந்த ஆட்டக்காரன், தோற்றால் போர்டைத் தட்டுவான். ஒருமுறை தட்டியதில் காய்கள் கலைந்தன. அவனை இரண்டு ஆட்டத்துக்கு விலக்கியபோது அம்மீயும் கையெழுத்துப் போட்டார். அவன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“நீங்க ஆட்டக்காரங்க பக்கம் நிக்கணும் ஆன்ட்டி. அதுக்குத்தான ஓட்டு போட்டோம்.”

“ஆட்டக்காரங்க பக்கம்தான் நின்னேன். உனக்கு எதிர்ல உக்காந்திருந்தவன் யாரு, பந்தல்காரனா?”

அதிலிருந்து அவன் அம்மீயை ‘ரூல் ஆன்ட்டி’ என்று கூப்பிட்டான். அம்மீக்கு அது தெரியும். பெருமைதான் பட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அவருடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் இரட்டையர் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார். தெரியாது என்று பதில் எழுதினேன்.

பத்தாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் சங்கத்தில் இரங்கல் கூட்டம். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றுவதா கூடாதா என்று குழம்பி, கடைசியில் விளக்கை ஏற்றாமல் அப்படியே நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் அம்மீயின் கண்டிப்பைப் பாராட்டினார்கள். அவர் கை தூக்கியபோது போண்டா சாப்பிடப் போனவர்களும் பாராட்டினார்கள். சுவாமிநாதன் மாமா பேசும்போது உண்மையாகவே குரல் உடைந்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

“கமர் ஜஹான் அவர்களுடைய பதவிக் காலத்துல இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கு. அந்த இடத்துக்கு அவா பொண்ணு மெஹக்கை நியமிக்கணும்னு குழு தீர்மானம் பண்ணியிருக்கு. இது நாம அந்த அம்மாவுக்குச் செய்யற மரியாதை. ஏகமனதாக.”

கை தட்டினார்கள். ஒருவர் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். ஆட்டக்காரர்களிடம் கேட்காமல் அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்று ஒன்பது வருடம் கத்தியவருக்கு, ஆட்டக்காரர்களிடம் கேட்காமல் அவர் மகளை அதில் உட்காரவைத்து மரியாதை செய்தார்கள். அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் அது இடிக்கவில்லை. நான் தரமணியில் மென்பொருள் சோதனைப் பொறியாளர். கேரமில் எனக்குத் தெரிந்தது சிவப்புக் காயின் நிறம் மட்டும்.

அன்றே விதிகளை வாங்கிப் படித்தேன். பிரதிநிதியைத் தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருந்தது. இடையில் இடம் காலியானால் என்ன செய்வது என்று இல்லை. எந்தப் பதவி இடையில் காலியானாலும் குழுவே நிரப்பிக்கொள்ளலாம் என்ற பழைய பொது விதி அப்படியே இருந்தது. என் வேலையே இந்த மாதிரி ஓட்டைகளைத் தேடுவது. விதி எழுதிய நாள்களில் அம்மீயிடம் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். “ஆபீஸ் வேலைய ஆபீஸ்ல வெச்சுக்கோ பேட்டா” என்று தாளை மடித்துவிட்டார். எல்லோரும் என்ன தில்லுமுல்லு செய்வார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்து அடைத்திருந்தார். தான் சாகக்கூடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

விதிகளைப் படித்துவிட்டு மண்டபத்துப் படியிறங்கும்போது ஷரீஃப் பாய் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் தலைமை நடுவர். சொந்தத் தொழில் ஐஸ் ஹவுஸ் பக்கம் சைக்கிள் கடை. கூடவே ஃபிசா.

“இன்னா மெஹக்கு, மூஞ்சி இப்டி கீது? வேணாம்னு கீணாம்னு சொல்லிடாத மா.”

“எனக்கு ஆடவே தெரியாது பாய்.”

“அத்த வுடு. அங்க குந்திக்கினு இருக்கறதுக்கு இன்னாத்துக்கு ஆடத் தெரியணும்? நீ வேணாம்னா யார போடுவானுங்க தெரியுமா? அந்த போர்டு விக்கறவரு தோஸ்து ஒருத்தன் ரெடியா கீறான். அடுத்த மாசம் மாநில செலெக்‌ஷன்.”

ஃபிசா என் கையைப் பிடித்தாள். “ஒத்துக்கங்கக்கா. ஆன்ட்டி பேரு இருக்கும்.”

“ஆன்ட்டி என்ன சொல்லிட்டிருந்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா இது நீங்கதானக்கா.”

இதுதான் சிக்கல். வேண்டாம் என்றால் கெட்ட நியமனம். சரி என்றால் நல்ல நியமனம். இரண்டிலும் நாற்காலி ஆட்டக்காரர்கள் கையை விட்டுப் போகிறது. இந்த முறை மகள் என்றால், அடுத்த முறை மருமகன். விதி செத்துப்போகும், அதுவும் அம்மீ பெயராலேயே.

சுவாமிநாதன் மாமா வீட்டுக்குப் போனேன். சித்திரக்குளம் பக்கம் பழைய அடுக்ககம். காபி கொடுத்தார். நான் கேட்டது ஒன்றுதான்: நியமனத்தை விட்டுவிட்டு ஆட்டக்காரர்களிடம் ஓட்டு எடுக்கச் சொன்னேன்.

“ஏம்மா, உங்கம்மா இடம் உனக்குத்தானே? வேற யாருக்குக் குடுப்பேன்?”

“அது அம்மீ இடம் இல்ல மாமா. ஆட்டக்காரங்க இடம்.”

“அவாளே உன்னைத்தான் வேணும்கறா. ஷரீஃப் சொன்னானே.”

“ஷரீஃப் பாய் நடுவர். அவருக்குச் சங்கம் படி குடுக்குது. அவர் சொல்றது கணக்குல வராது.”

மாமா டபராவைக் கீழே வைத்தார். “அச்சு அசல் அவளேதான். இத பாரு, இப்போ எலெக்‌ஷன்னு வெச்சா அவன் இவன்னு சண்டை வரும். அந்தம்மா போன துக்கம் ஆறலை. ஒரு மரியாதைன்னு செய்யறோம். அதுலயும் ரூலா?”

“ஒம்பது வருஷம் வேணாம்னு சொன்னதையே செய்யறது எப்படி மரியாதையாகும்?”

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “ஞாயித்துக்கெழம குழு கூடறது. வேண்டாம்னா வந்து எழுதிக் குடு. வேற ஒருத்தரைப் போட்டுக்கறோம்” என்றார். “உள்ள வா, மாமி உனக்கு வத்தக்குழம்பு எடுத்து வெச்சிருக்கா.” எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழே லீக் ஆட்டங்கள். பதிவான ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வந்திருந்தார்கள். மாடியில் குழு. என் நியமனத்தை உறுதி செய்வது முதல் தீர்மானம். நான் எழுந்து, குழு உறுப்பினரின் உறவினர் இந்தப் பதவிக்கு வர முடியாது என்ற விதியை வாசித்தேன்.

“எந்த உறுப்பினரோட உறவு நீ?” என்றார் ஒருவர்.

“கமர் ஜஹானோட.”

சுவாமிநாதன் மாமா மெதுவாகச் சொன்னார்: “அவா இப்போ உறுப்பினர் இல்லையேம்மா.”

“ராஜினாமா பண்ணலியே மாமா.”

“இறந்துட்டா உறுப்பினர் பதவி தானா போயிடும். பதவி போனா, உறுப்பினரோட உறவினர்ங்கறதும் போயிடும்.”

பொருளாளர் அதை ஏற்கவில்லை. காலமான உறுப்பினரின் குடும்பம் எப்போதும் உறுப்பினர் குடும்பம்தான், இல்லாவிட்டால் நாம் இரங்கல் கூட்டத்துக்கு மாலை வாங்கியது எந்தக் கணக்கில் என்று கேட்டார். இன்னொருவர், மகள் என்பது ரத்த உறவு, அது பதவியோடு போகாது என்றார். மற்றொருவர், உறவு போகாது, ஆனால் விதிக்காக மட்டும் போனதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். போர்டு விற்பவருக்கு வேண்டிய ஒருவர், தேதி வாரியாகப் பார்க்க வேண்டும் என்றார்: இறந்த தேதி, தீர்மானத் தேதி, இடையில் உறவு நிலை என்ன.

நான் இன்னும் என் அம்மாவுக்கு மகளா என்பதை அவர்கள் அரை மணி நேரம் விவாதித்தார்கள். கீழே காய்கள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் வடை வந்தது. ஒருவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “அவங்க மகளா இருந்தாங்கன்னு வேணா எழுதலாம்” என்றார். நான் மறுபடியும் எழுந்தேன்.

“நான் அவங்க மகள். இப்பவும். நாளைக்கும். அதை நீங்க தீர்மானம் போட வேணாம். எனக்கு இந்தப் பதவி வேணாம்.”

“அப்ப வேற ஒருத்தர்—” என்று பொருளாளர் தொடங்கினார்.

“அந்த வேற ஒருத்தரும் இதே ரூல்படி யாரோட உறவுன்னு பாருங்க. யார்கிட்ட என்ன விக்கிறார், என்ன வாங்கறார்னு பாருங்க. அரை மணி நேரம் பாருங்க. நான் உக்காந்திருக்கேன். இல்லேன்னா ஆட்டக்காரங்க எல்லாரும் கீழதான் இருக்காங்க. ஆட்டம் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு சீட்டு குடுங்க.”

சுவாமிநாதன் மாமா கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. “அந்தம்மா இருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் இழுத்திருப்பா. வெச்சுத் தொலையுங்கோ. ஆனா யார் நடத்தறது?”

அது நியாயமான கேள்வி. குழுவில் உள்ளவர்கள் நடத்தக் கூடாது. ஷரீஃப் பாய் படி வாங்குபவர். நான் மகள், அதில் இப்போது சந்தேகம் இல்லை. அப்பாவும் கூடாது. மண்டப மேனேஜர் சங்கத்திடம் வாடகை வாங்குபவர். மயிலாப்பூரில் கேரம் சங்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒருவரைக் கண்டுபிடிக்கத் திண்டாடினோம். கடைசியில் ஃபிசா எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காமாக்ஷி மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“எனக்கு இந்த கேரமே பிடிக்காது” என்றார் மாமி வாசலில் நின்றபடி. “ஞாயித்துக்கெழம மத்யானம் கண்ணசர முடியறதா? டக்கு டக்குன்னு. நீங்கள்லாம் தோத்தாலும் நேக்கு ஒண்ணுதான், ஜெயிச்சாலும் ஒண்ணுதான்.”

“உங்களத்தான் தேடிக்கினு இருந்தோம் மாமி” என்றார் ஷரீஃப் பாய்.

நின்றவர்கள் இருவர். ஃபிசாவும் அச்யுத்தும். மாமி ஒவ்வொருவர் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார். சத்தமாக ஸ்ட்ரைக்கர் அடிப்பவன் என்று ஒருவனைத் தனியாகத் திட்டினார், ஆனால் சீட்டு கொடுத்தார். பூ வைக்கும் தாம்பாளத்தில் எண்ணினார். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் அச்யுத் ஜெயித்தான்.

ஃபிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷரீஃப் பாய் என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

“இதுக்கா மா இவ்ளோ பாடு? போர்ட தட்றவன கொண்ணாந்து குந்த வெச்சிட்டியே. உங்கம்மா ஒத்துக்கினு இருப்பாங்களா?”

“திட்டியிருப்பாங்க பாய். ஒத்துக்கிட்டிருப்பாங்க.”

“நீயே இருந்துருக்கலாம்.”

ஆமாம், நானே இருந்திருக்கலாம். எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அச்யுத் தன் நண்பர்களோடு ஜெயித்த படம் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வந்து, “ரூல் ஆன்ட்டிக்கு நான் ஓட்டு போட்டதில்ல மேம், ரெண்டு வாட்டியும்” என்றான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தெரியாதவன் போல நின்றான். பரவாயில்லை என்றேன். யாருக்குப் போட்டோம் என்பதைச் சொல்லக் கூடாது, ரகசிய ஓட்டு என்றேன். வீட்டுக்கு வந்து அம்மீயின் போனைச் சார்ஜில் போட்டேன். பிறகு எதற்கு என்று கழற்றிவிட்டேன். மறுநாள் மறுபடி போட்டேன்.

இடையில் காலியாகும் இடத்துக்கும் தேர்தல் வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுவின் பரிசீலனையில் இருக்கிறதாம். அதாவது எங்கோ ஒரு மேஜையில் கிடக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் அதைக் கொண்டுபோவார்கள் என்று ஃபிசா சொல்கிறாள். அவள் இன்னும் அச்யுத்தோடு பேசுவதில்லை.

மாநில அணித் தேர்வு முடிந்த வாரம் சுவாமிநாதன் மாமா போன் செய்தார். நான் ஆபீஸில் இருந்தேன்.

“மெஹக், உன் ஆளு என்ன பண்றான் தெரியுமோ? அணியோட மேனேஜரா ஏன் வருஷா வருஷம் பொருளாளரோட அண்ணாவே போறார்னு கேக்கறான். பதில் வராம கையெழுத்துப் போட மாட்டேங்கறான். அந்த மனுஷர் பெட்டியெல்லாம் கட்டி வெச்சாச்சு. இதுல ஃபிசா வேற அவன் கூடச் சேர்ந்துண்டு நிக்கறா, அவனோட பேசாமலே. உங்கம்மா எவ்வளவோ தேவலை. அவ கிட்ட பேசவாவது முடியும். நீ கொஞ்சம் அவனுக்கு எடுத்துச் சொல்லேன்.”

“நான் எப்படி மாமா சொல்றது? என் ஆளு இல்ல அவன்.”

“பின்ன யார்ட்ட சொல்லச் சொல்றே?”

“ஓட்டு போட்டவங்ககிட்ட.”

மாமா அலுத்துக்கொண்டே போனை வைத்தார்.